18 வயது நிறையாத பிள்ளையைப் போலீஸ் அழைத்துச் சென்றால் முதலில் தேட வேண்டிய காகிதம்

பைக் திருட்டோ தெருச் சண்டையோ, பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றதும் வீட்டில் ஆதார் அட்டையைத்தான் தேடுகிறார்கள். வயதை நிரூபிக்க அது உதவாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 94 கேட்பது வேறு: முதலில் பள்ளி தரும் பிறந்ததேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அவை இல்லாதபோது நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ், எதுவுமே கிடைக்காவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்பதால் அதுவரை விடாதீர்கள்.

டி.சி. இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், மாற்றுச் சான்றிதழ் பிரிவு 94 சொல்லும் ஆவணமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு முன்பே படிப்பை நிறுத்திய பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தலைமையாசிரியரிடம் ‘பிறந்ததேதிச் சான்று’ என்றே தனியாக எழுதி வாங்குங்கள். வயதுக் கணக்கு சம்பவம் நடந்த தேதிக்குத்தான், கைதான தேதிக்கு அல்ல.

ரிமாண்ட் அறிக்கையில் ‘வயது 19’ என்று விழுந்துவிட்டால் பையன் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகாமல் கிளைச் சிறைக்குப் போவான். சிறார் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்பலாம் என்கிறது பிரிவு 9. ஆனால் உள்ளே கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவது? இளவயதாகத் தெரியும் எவரையும் ரிமாண்ட் செய்யுமுன் வயதுச் சான்றை மாஜிஸ்திரேட் கேட்டே ஆக வேண்டும் என்று வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சிறார் என்றால் லாக்கப் கூடாது, விலங்கு கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாலோ ஒழிய எஃப்.ஐ.ஆர். கிடையாது, நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கை எழுதுவதோடு சரி.

அந்த அறிக்கையைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. குடும்பத்தை விசாரிக்காமலே ‘சேர்க்கை சரியில்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவது சுலபம். பிரிவு 12-இன்படி ஜாமீன்தான் விதி. மறுக்க மூன்றே காரணங்கள், அவற்றில் ஒன்று குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு. ஸ்டேஷனில் எழுதிய வரி ஜாமீன் மனுவில் வந்து நிற்கும். எனவே படிப்பு, வேலை, யார் பொறுப்பில் இருப்பான் என்பதை குழுமத்துக்காகப் பிள்ளையின் பின்னணியை விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தாகவே கொடுங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதைத் தளர்த்தக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைக்கலாம்.

வழக்கு முடிந்ததும் இறுதி உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள். பிரிவு 24-இன்படி சிறார் வழக்கு வேலைக்குத் தகுதிக்குறைவு ஆகாது. விலக்கு, 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராக விசாரித்துக் குழந்தைகள் நீதிமன்றம் முடிவு செய்த வழக்குகளுக்கு மட்டுமே. போலீஸ் வெரிஃபிகேஷனில் பழைய வழக்கு எண்ணைக் காட்டி நிறுத்தினால் நீட்ட அந்த நகல் வேண்டும்.