பிழைக் கோடு வந்ததும் சென்சாரை மாற்றிவிடாதீர்கள்

சமீபத்தில் ஒரு பைக் வந்தது. இன்ஜின் விளக்கு எரிகிறது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி இழுக்கவில்லை. ஸ்கேனரில் பி2138 என்ற பிழைக் கோடு (எரர் கோட்). ஏற்கெனவே வேறொரு இடத்தில் கைப்பிடி சென்சாரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடிவிட்டு அதே கோடு திரும்ப வந்துவிட்டது.

கேபிள் இல்லாத த்ராட்டிலில், நாம் எவ்வளவு முறுக்கினோம் என்பதைக் கைப்பிடி சென்சார் இரண்டு தனித்தனி சிக்னலாக ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, அனுப்புகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலிருந்தும் இரண்டு சிக்னல். ஒன்று தப்பாகச் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. கைப்பிடிப் பக்கம் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2138, த்ராட்டில் பாடிப் பக்கம் என்றால் பி2135. கோடு சொல்வது அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அந்த வண்டியில் முதலில் எதையும் அழிக்கவில்லை. அழித்தால் பிழை வந்த நேரத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் போய்விடும். பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. (பேட்டரி இறங்கினாலே சில வண்டிகளில் த்ராட்டில் கோடு வரும், அதனால் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.) சென்சாருக்கு 5 வோல்ட் சரியாக வந்தது. சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார் அந்தந்த நொடியில் அனுப்பும் அளவுகளை) திறந்து மெதுவாக முறுக்கினேன். இரண்டு சிக்னலும் சேர்ந்தே ஏறின. அப்புறம் ஹேண்டிலை இடதுபக்கம் கடைசி வரை திருப்பினேன். ஒரு சிக்னல் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. நேராக்கினால் திரும்ப வந்தது.

ஸ்டியரிங் கழுத்தருகே ஒயர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு ஒயராக விரலால் வளைத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் ஓர் இடத்தில் துணி மாதிரி தொய்ந்தது. மேலுறையில் கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்திருந்தன. ஹேண்டில் திரும்பத் திரும்ப அங்கேயே மடங்கியிருக்கிறது. சில அங்குல ஒயர், ஒரு சால்டர். புது சென்சாருக்கு வேலையே இருந்திருக்கவில்லை.

இந்த வேலையில் பலர் செய்யும் ஒரு தப்பு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பல வண்டிகளில் இப்போது காந்தப்புலத்தை உணர்ந்து வேலை செய்யும் ஹால் சென்சார்தான். அதை மீட்டரில் ஓம் (மின்தடை) வைத்து அளந்துவிட்டு ‘போச்சு’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஹால் சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, வரும் வோல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். கனெக்டரின் முன்பக்கம் மீட்டர் முனையைக் குத்தவும் கூடாது. உள்ளே இருக்கும் உலோகப் பின் (pin) அகன்றுவிட்டால் அதுவே அடுத்த கோளாறு. பின்பக்கமிருந்து மெல்லிய முனையை நுழைத்து அளங்கள்.

பி2101 வந்தால் த்ராட்டிலைத் திறந்து மூடும் மோட்டார் பக்கம் பாருங்கள். கரி படிந்து பட்டர்ஃபிளை (த்ராட்டில் பாடிக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) சிக்கினாலும் அது வரும். சுத்தம் செய்யும்போது பட்டர்ஃபிளையை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்கள். முடித்ததும் அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்கிறபடி ஐடில் லேர்னிங் (முறுக்காத நிலையில் த்ராட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று ஈசியூவுக்குப் பழக்குவது) செய்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, லைவ் டேட்டாவை இன்னொரு முறை பார்த்த பிறகே வண்டியைக் கொடுங்கள்.