கொழும்புக்கு எத்தனை எழுத்து?

நான்கு: கொ, ழு, ம், பு. சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் உரையைச் சேமித்து வைக்கும் ஸ்ட்ரிங் கிளாஸைக் கேட்டால் 24 என்கிறது. ‘சைஸ்’ என்று கேட்டாலும் ‘லெங்த்’ என்று கேட்டாலும் அதே பதில்தான். இவை எண்ணித் தருவது பைட்டை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகை. எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ போன்ற அகர உயிர்மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி; தமிழில் குறிக்கு மூன்று பைட். கொழும்புக்கு எட்டுக் குறி.

வாடிக்கையாளர் பெயர் மூன்று மொழியிலும் பதிவாகும் ஊர் இது. இங்கே எழுதப்படும் நிரல்களைப் பரிசீலிக்கும்போது அந்த 24ஐ எழுத்தென்று நம்பியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். பெயர்களை முதலெழுத்து வாரியாகப் பிரிக்க குறித்த இடத்தில் உள்ளதைத் தரும் ‘எட்’ (at) ஃபங்ஷனிடம் பூச்சியமாவது இடத்தை, அதாவது முதல் இடத்தைக் கேட்பார்கள். எல்லை மீறினால் அது எக்ஸெப்ஷன் எறியும் (பிழை என்று அறிவிக்கும்), ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணம். எல்லை எங்கே மீறப்பட்டது? கிடைப்பது 224 என்ற ஒரு பைட். தமிழ் எழுத்து எல்லாமே அந்தப் பைட்டில்தான் தொடங்குகிறது, சிங்கள எழுத்தும் அப்படியே. பட்டியலில் தமிழரும் சிங்களவரும் ஒரே தலைப்பின் கீழ் வந்து நிற்பார்கள். (நாட்டில் நடக்காத ஒற்றுமை!)

படிக்கும் ஃபங்ஷனின் பிழை திரையோடு போய்விடும். மாற்றும் ஃபங்ஷன் தரவையே கெடுத்துவிடும். நகரத்தின் பெயருக்கு 20 பைட் ஒதுக்கி, நீளத்தை மாற்றும் ‘ரிசைஸ்’ ஃபங்ஷன் கொண்டு வெட்டினால், ‘கொழும்’ என்பதன் பின்னால் பாதி அறுந்த ‘ப’ கேள்விக்குறியாக நிற்கும். அதையாவது யாரேனும் கண்டு முறையிடுவார்கள். 15 பைட்டில் வெட்டிப் பாருங்கள்: ‘கொழும’. உடைந்த குறி எதுவும் இல்லை. புள்ளியும் ‘பு’வும் சத்தமில்லாமல் போய்விட்டன. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது, அங்கே எழுத்துக்கு ஒரு பைட்தான்.

ஆகவே பெயருக்கென்று தனிக் கிளாஸ் எழுதுங்கள். ஸ்ட்ரிங் அதற்குள் பிரைவேட்டாக, வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாதபடி இருக்கட்டும். எண்ணிக்கை சொல்லும் ஃபங்ஷனுக்குத் தரவை மாற்றாது என்று உறுதி சொல்லும் ‘கான்ஸ்ட்’ போட்டு, எழுத்தை எண்ணும் வேலையை ஐசியு (ICU) என்ற ஆயத்த நிரல் நூலகத்திடம் விடுங்கள். சுருக்கும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்று போதும். அது எழுத்தின் எல்லையில் மட்டும் வெட்டட்டும். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்தை, கணினி எழுத்துகளுக்கான பொது நியமமான யூனிகோட்டின் விதி இரண்டாகவே எண்ணுகிறது. லக்ஷ்மிகள் ‘லக்’ என்று நின்றுவிடாதபடி அந்த இடத்துக்குத் தனி நிபந்தனை எழுதத்தான் வேண்டும்.