மணல்மேட்டில் ஆழமாகத் துளைக்காதீர்கள்

வேதாரண்யம் பக்கம் இன்னொரு போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. "சார், இன்னும் இருபது அடி இறக்கிடலாமா?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். நிலத்தடி நீர் பார்க்கும் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. இறக்காதீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் வண்டலுக்குக் கீழே போகப்போக அடுத்த மணல் அடுக்கில் நல்ல தண்ணீர் கிடைக்கும். அந்த நினைப்போடு இங்கே துளைப்பதுதான் கோளாறு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை உள்ள மேடுகளில் காவிரித் தண்ணீருக்கு வேலையே இல்லை. முள்ளியாறும் மானங்கொண்டான் ஆறும் உப்புச் சதுப்பை நோக்கிப் போய்விடுகின்றன. மேட்டில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை மணல் குடித்து வைத்த தண்ணீர். அது உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். மோட்டார் போட்டு மேலே 1 அடி குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கோடியக்கரையில் உயரமான இடமான இராமர் பாதமே சில மீட்டர்தான்; கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் போவது உப்பைத் தேடிப் போவது. "பக்கத்து வீட்டில் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இருக்கும். இன்னும் எத்தனை கோடைக்கு?

பழைய விவசாயிகளுக்கு இது தெரியும். புகையிலைக்கு மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டி, குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். இதைவிட நல்ல வடிவமைப்பு என் படிப்பிலும் இல்லை.

அப்புறம், மேட்டையே வெட்டி மணல் விற்பது. மேடு போனால் மழையைப் பிடித்துவைக்க இடமே இல்லை. 1967-இலேயே சரணாலயமான கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியைக்கூடச் 'சும்மா கிடக்கிற தரிசு' என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. அந்தத் தரிசில் இறங்கும் மழையும் நிலத்தடி நீர்தான்.

கிணறு அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். சின்ன மோட்டார் போதும். விட்டு விட்டு இறையுங்கள். கழிவறைக் குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மணலில் அழுக்கு சீக்கிரம் ஓடும். தண்ணீரை மழை முடிந்த கையோடு சோதித்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். மே மாதம் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். நாக்கில் கரித்தால், தயவுசெய்து முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். எனக்குப் போன் செய்வதெல்லாம் அப்புறம்.