ஆபாசம்: போலி என்று பொருள்பட்ட சொல்

புதுச்சேரியில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. வடநாட்டுப் பெரியவர் ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை வரும் போல "ஆபாஸ்" ஆகிறது என்றார். கடைக்காரர் தூசி தட்டும் துணியோடு திகைத்து நின்றார். இந்தியில் அந்தச் சொல்லுக்கு, மனத்துக்குக் குறிப்பாகத் தோன்றுவது என்று பொருள்.

இந்தியின் 'ஆபாஸ்', தமிழின் 'ஆபாசம்' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வடமொழியில் 'பாஸ்' என்றால் ஒளிர்தல், தோன்றுதல். அதிலிருந்து வந்த 'ஆபாசம்' முதலில் சாயலையும், பிறகு மெய்போல் தோன்றும் பொய்யையும் குறித்தது. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாததைத் தருக்க நூலார் 'ஏதுவாபாசம்' என்பார்கள். தமிழில் அது அருவருப்பாகி, இன்று பாலுறவுக் காட்சியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதனால் 'ஆபாசப் படம்' என்பது பெயராக இல்லை, தீர்ப்பாக இருக்கிறது. தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டால் விசாரணை எதற்கு? போர்னோகிராபி என்ற சொல்லும் யோக்கியமானதல்ல. கிரேக்கத்தில் விலைமகளைப் பற்றி எழுதுவது என்பதே அதன் வேர்ப்பொருள்.

பிரிட்டனில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 63ஆம் பிரிவு, 'எக்ஸ்ட்ரீம் போர்னோகிராபி' படங்களை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. உயிருக்கு ஆபத்தான செயலையோ, பாலுறுப்புகளுக்குக் கடுங்காயம் உண்டாக்கும் செயலையோ அப்பட்டமாகவும் மெய்போலவும் காட்டினால் அது இதில் அடங்கும். காயம் நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. வயதுவந்த இருவர் மனமொத்து நடித்த காட்சியாக இருந்தாலும், பார்வைக்கு மெய்யாகத் தெரிந்தால் போதும். அதாவது தண்டனை சாயலுக்கு. ஆபாசத்தின் பழைய பொருளுக்கே! நடித்தவர்கள் தப்பிக்க 66ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. வெறுமனே பார்க்க வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. நம்மூர் ஆட்களுக்கு இது எளிதில் புரியும்: புதுச்சேரியில் ரசீதோடு வாங்கிய பாட்டில் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் குற்றமாகிவிடுகிறதே. ஆனால் பாட்டிலுக்காவது வரித் தகராறு என்று ஒரு காரணம் இருக்கிறது.

எனக்கு அந்தப் படங்களின்மேல் ஆசை கிடையாது. சிலவற்றின் வருணனையே குமட்டுகிறது. குமட்டல் என் வயிற்றின் விவகாரம். அதற்காக இன்னொருவர் வீட்டு அலமாரியை அரசு திறந்து பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

போர்னோகிராபிக்குச் சரியான தமிழ் எது? 'காமப்படம்' என்கிறேன். காமமும் வடசொல்தானே என்று கேட்கலாம். குறளில் 25 அதிகாரம் அதன் பெயரில் நிற்கிறது. நமக்கு அது வசைச்சொல் அல்ல. 'எக்ஸ்ட்ரீம்' வகைக்கு 'வன்காமப் படம்' பொருந்தும். 'சம்மதம்' என்பதற்கு 'இசைவு'.

இசைவு என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒன்று உண்டு: குழந்தைகளை வைத்து எடுப்பது. அதைக் காமப்படத்தின் ஒரு வகையாக எழுதுவது பிழை. 'சைல்ட் போர்னோகிராபி' என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில்தான். 'குழந்தைப் பாலியல் சுரண்டல் பதிவு' என்றே நான் எழுதுகிறேன். நீளம்தான். தலைப்பில் அடங்கவில்லை என்று பக்க வடிவமைப்பாளர் முணுமுணுக்கிறார். எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.