ரோர்ச் அடித்து மஞ்சள்தூளைச் சோதிக்க முன்

போன மாதம் கல்லடியிலிருந்து ஒரு அக்கா இரண்டு மஞ்சள்தூள் பைகளும் ஒரு கழியூதா (UV) ரோர்ச்சுமாக வந்தா. ஒரு தூள் ரோர்ச் வெளிச்சத்தில் மங்கலாம், மற்றது கொஞ்சம் பளிச்சென்று தெரிந்ததாம். “தம்பி, மின்னுறதுதானே கலப்படம்?” 2020இல் மஞ்சள் விலை எகிறிய நாளிலிருந்து எங்கட ஊரில் மஞ்சளைச் சந்தேகப்படாத ஆள் குறைவு.

மங்கல் தூளில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் துண்டில் வைத்து நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன். விளக்கை அணைத்து ரோர்ச்சைப் பிடித்தால், தூள் அப்படியே கிடக்க, சுற்றி ஊறிய எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிர்ந்தது. அக்கா எண்ணெய்ப் போத்தலைத்தான் சந்தேகமாகப் பார்த்தா. எண்ணெயில் பிழையில்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் மூலக்கூறுகள் நெருங்கிக் கிடந்தால், வாங்கிய சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடும். எண்ணெயில் கரைந்து விலகி நின்றால் ஒளியாக வரும்.

சேதனச் சேர்வைகளோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒளிர்வை மட்டும் பார்த்துப் பொருளைச் சொல்லவே முடியாது. மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதும் தெரியவேண்டும். பைரீன் என்ற சேதனச் சேர்வையை ஐதாகக் கரைத்தால் ஊதா கலந்த நீலம். பளிங்கில் அது சோடி சோடியாக, தட்டின்மேல் தட்டு வைத்தாற்போல், சுமார் 0.35 நனோமீற்றர் இடைவெளியில் கிடக்கும். ஒளியை வாங்கி அருட்டப்பட்ட மூலக்கூறு பக்கத்துத் தட்டையும் சேர்த்துக்கொண்டே ஒளிவிடுவதால் நிறம் பச்சைப்பக்கம் சாயும். அந்தரசீன் என்ற இன்னொரு சேர்வை மீன்முள்போலச் சாய்வாக அடுக்கி, நல்ல நீலமாய் ஒளிரும். ஆனால் அதன் உறவுச் சேர்வையான டெற்றசீன் துளியளவு கலந்திருந்தாலும் சக்தி பளிங்கு வழியே தாவி அதனிடம் போய்ச்சேர, வெளிச்சம் பச்சையாகிவிடும். கலப்படம் பிடிக்க ரோர்ச் உதவுகிற அபூர்வ இடம் இது!

2001இல் ஹொங்கொங்கில் இரசாயனவியலாளர் பென் சோங் டாங் குழுவினர் மஞ்சளில் கண்டதற்கு நேர்மாறான கூத்தொன்றை அறிவித்தார்கள். கரைசலில் இருண்டிருந்த சேர்வை, திரண்டதும் ஒளிர்ந்தது. கரைசலில் மூலக்கூறின் வளையங்கள் சுழன்றே சக்தியைத் தின்றுவிடும். நெரிசலில் சுழல இடமேது?

அந்த வகைச் சேர்வை ஒன்றில் நானே ஏமாந்திருக்கிறேன். நீலமாய் ஒளிர்ந்த பளிங்கை மாதிரிக்காகச் சின்ன உரலில் அரைத்தேன். உலக்கை பட்ட இடமெல்லாம் பச்சை. பழுதாகிவிட்டதென்று குப்பியில் ‘கழிவு’ என்று எழுதி ஒதுக்கினேன். ஒரு மாணவி சும்மா இருக்காமல் அதற்கு அசிற்றோன் என்ற கரைப்பானின் ஆவி காட்டினாள். ஓரத்திலிருந்து நீலம் மெல்லத் திரும்பியது. குலைந்தது பளிங்கின் ஒழுங்கு மட்டும், மூலக்கூறில் ஒரு பிணைப்பும் அறவில்லை. லேபலை நான்தான் கிழிக்க வேண்டியிருந்தது.

அக்காவின் தூளுக்கு வருவோம். மா கலந்திருக்கிறதா என்று பார்க்க அயடீன் விட்டாலும் தீர்ப்புக் கிடைக்காது; அயடீன் மாப்பொருளைக் காட்டும், ஆனால் மஞ்சளிலேயே மாப்பொருள் உண்டு. சந்தேகமென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழி அவருக்குத்தான் இருக்கிறது. ரோர்ச்சைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு மங்கலாய்த் தெரிவதால் அதை நேரே உற்றுப் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத பங்குதான் ஆபத்து.

“அப்ப எதில கறி வைக்கிறது?” என்று கேட்டா அக்கா. மணம் நல்லாயிருந்த பையைக் காட்டினேன். அது அந்த மங்கல் பைதான்.