ஈரம் பிறகுதான் வந்தது

அலைச்சறுக்கு இளைஞர்களிடையே 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பிறந்த கிட்டார் இசைதான் சர்ஃப் ராக். அதன் அடையாளம் என்ன என்று கேட்டால், கேட்டுப் பழகியவர்களில் பாதிப்பேர் ‘ரிவெர்ப்’, அதாவது செயற்கை எதிரொலி, என்பார்கள். கிணற்றில் கல் விழுந்த மாதிரி, ஒவ்வொரு கிட்டார் ஒலிக்குப் பின்னாலும் ஈரமான ஒரு ‘ப்ளிங்’. கடலைப் பற்றிய இசைதானே, ஈரமாக இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று நாமும் விட்டுவிடுகிறோம். சரி, இந்த வகையின் தொடக்க கால இசைத்தட்டான ‘சர்ஃபர்ஸ் சாய்ஸ்’ஸை எடுத்துக் கேளுங்கள். கிட்டார் கலைஞர் டிக் டேலும் அவருடைய டெல்-டோன்ஸ் குழுவும் 1962 நவம்பரில் கொண்டுவந்தது. அதில் அந்த ஈரம் கிடையாது. காய்ந்த, கனத்த, முகத்தில் அறைகிற கிட்டார்.

அப்புறம் கடல் எப்படி அதற்குள் வந்தது? கை வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

டேலின் இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். 1937இல் பாஸ்டனில் பிறந்தவர். தந்தை வழி லெபனான். சிறு வயதிலேயே அரபுக் கைத்தாளமான தர்புகா பழகினார். 1954இல் குடும்பம் தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அலைச்சறுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. கிட்டாரை அவர் வாசித்த விதத்தில் தாளக்காரரின் கை தெரியும். ஒரே ஸ்வரத்தை நீட்ட வேண்டுமா? ஒரு முறை மீட்டிவிட்டுக் காத்திருக்க மாட்டார். நொடிக்குப் பத்து முறைக்கு மேல், மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருப்பார்.

மீட்டிய கம்பியின் அதிர்வு அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும். தேய்வதற்குள் அடுத்த அடி விழுந்தால் ஒலி அடங்குவதில்லை. ஒவ்வொரு அடியின் ‘டக்’கும் சேர்ந்து உருளுகிறது. அலை உருண்டு வரும் உணர்வு அந்த இடைவிடாத அடியில்தான் இருக்கிறது.

இப்படி அடிக்கச் சாதாரணக் கம்பி போதாது. இன்று கிட்டாரில் பரவலாகப் பூட்டப்படும் மெல்லிய முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு தடிமன். டேல் பூட்டியது 16. அவருடைய ஆறாவது கம்பி 60, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். தடிமன் 1.6 மடங்கானால் கம்பியின் எடை அதன் வர்க்கமாக, ஏறத்தாழ 2.5 மடங்காகும். எடை கூடிய கம்பி அதே சுருதியில் நிற்க வேண்டுமென்றால் இழுவிசையும் அதே விகிதத்தில் கூட வேண்டும். 10ஆம் எண் கம்பிக்கு ஏழு கிலோ இழுப்பு போதுமென்றால், 16க்குப் பதினெட்டு கிலோ அளவுக்கு வேண்டும். இவ்வளவு முறுக்கேறிய கம்பி எவ்வளவு வேகமாக அடித்தாலும் தொளதொளவென்று அலைபாயாது. தவிர, கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். அதற்கு மேலே அதிர்கிற இரும்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வலுவான மின்சாரம் பிறக்கும்.

அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் புகை வந்தது. டேல் வாசித்தது நியூபோர்ட் பீச் நகரின் பல்போவா பகுதியில் இருந்த ‘ரெண்டெவூ’ நடன அரங்கில். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே கூடினார்கள். மனித உடல் ஒலியை நன்றாக உறிஞ்சும். உடையோடு நிற்கும் ஓர் ஆள் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். மூவாயிரம் பேர் நின்றால் எத்தனை சன்னல் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். காலியான அறையில் காதைக் கிழிக்கிற ஆம்ப்ளிஃபையர் இங்கே முனகும். முனகக் கூடாது என்று முழுக்கத் திருகினால், ஓயாத அடியில் ஸ்பீக்கரின் சுருளுக்கு ஆறவே நேரம் கிடைக்காது, எரிந்துவிடும். நாற்பதுக்கு மேல் ஆம்ப்களை இப்படிக் காலி செய்ததாக டேல் கணக்குச் சொல்வார். கதை சொல்வதில் கஞ்சத்தனம் பார்க்காத மனிதர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், தமக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாதவர். அவரும் உடன் பணியாற்றிய ஃப்ரெடி டவரெஸும் இதற்குத் தீர்வாகக் கொண்டுவந்ததுதான் ‘ஷோமேன்’ ஆம்ப்ளிஃபையர்: 85 வாட், உச்சத்தில் 100 வாட் தரும் டிரான்ஸ்ஃபார்மர், 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர். வாட் பத்து மடங்கானால் நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத்தான் தோன்றும். ஆகவே ஷோமேனின் பெருமை வெறும் சத்தத்தில் இல்லை. அடி விழும் கணத்தில் ஒலியின் முனை குத்திட்டு எழும். சின்ன ஆம்ப் அந்த முனையை மழுக்கிவிடும், பெரிய ஆம்ப் விட்டுவிடும். அந்த முனைதான் டேலின் கையெழுத்து.

‘சர்ஃபர்ஸ் சாய்ஸ்’ இசைத்தட்டின் பெரும்பகுதி ரெண்டெவூ அரங்கிலேயே நேரடியாகப் பதிவானது. வெளியிட்ட டெல்டோன் நிறுவனம் டேலின் தந்தையுடையது. பிறகு கேப்பிட்டல் நிறுவனம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. இதிலுள்ள ‘மிசிர்லூ ட்விஸ்ட்’ நம் ஊர்க்காரர்களுக்குச் சுவாரசியமானது. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு. அதன் ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களேதான். சரளி வரிசை பாடியவர்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கமகம் இருக்காது, ஸ்வரம் பிடிபடும்.

ஈரத்துக்கு வருவோம். டேல் ரிவெர்பைத் தேடியது தன் குரலுக்காக. அதிர்வில்லாமல் வறண்டு ஒலிக்கிறதே என்ற கவலை. ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகைக் கருவிக்குள் இருந்த ஸ்பிரிங் அமைப்பு கண்ணில் பட்டது. அதன் மூலக் கருத்தோ, தொலைதூரத் தொலைபேசிக் கம்பியின் தாமதத்தைப் போலிசெய்ய பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஒன்றரை அடிகூட நீளமில்லாத தகரப் பெட்டிக்குள் இரண்டு ஸ்பிரிங் வரிசைகள். ஒரு முனையில் மின்சுருள் ஒரு குட்டிக் காந்தத்தை முறுக்கும். முறுக்கு அலையாக ஓடி மறுமுனைக் காந்தத்தை அசைக்கும். அங்கே அது மீண்டும் மின்சாரமாகும். ஓடி முடிக்க ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 33 மில்லிநொடி, மற்றதற்கு 41. காற்றில் ஒலி அந்த 33 மில்லிநொடியில் 11 மீட்டர் போயிருக்கும்! முனைகளில் அலை மோதி மோதித் திரும்புவதால், ஒரு பெரிய கூடத்தின் எதிரொலி பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் அச்சு அசலான கூடம் இல்லை. காற்றில் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் போகும், ஸ்பிரிங்கில் அப்படியில்லை. ஒன்றாகக் கிளம்பியவை முன்னும் பின்னுமாக வந்து சேரும். உள்ளே ‘டக்’ என்று போனது ‘ட்யூவ்’ என்று இழுபட்டு வெளியே வரும். ரிவெர்ப் பெட்டியின் இந்தக் குறையைத்தான் நாம் ஈரம் என்கிறோம். கூர்மையான அடிக்கு அது இன்னும் துல்லியமாகச் சொட்டும். டேலின் பாணியும் ஸ்பிரிங்கும் சந்தித்தபோது, குரலுக்கு வாங்கியது கிட்டாருக்குப் போய்விட்டது. அடுத்து வந்த குழுக்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன.

1964இல் பிரிட்டிஷ் குழுக்களின் அலை வந்து சர்ஃப் ராக்கை ஓரங்கட்டியது. முப்பது ஆண்டு கழித்து, 1994இல், ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தின் தொடக்கத்தில் டேலின் 1962 ‘மிசிர்லூ’ ஒலித்தபோது ஒரு புதிய தலைமுறை இந்த இசையைக் கண்டுபிடித்தது. சர்ஃப் ஒலி என்றால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தப் பதிவுதான். அதிலும் ஸ்பிரிங் பெட்டி இல்லை.