உற்பத்தித் திறனா, இயலளவா?

"உற்பத்தித் திறன் முழுமையாகப் பயன்படுத்தப்படாததால் உற்பத்தித் திறன் குறைகிறது." கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கொடுத்த ஒரு பயிற்சிக் கையேட்டில் இருக்கும் வரி இது. முதலில் வருவது கெப்பாசிட்டி, அதாவது எவ்வளவு செய்ய முடியும் என்பது. பின்னால் வருவது புரொடக்டிவிட்டி, அதாவது போட்ட ஆளுக்கோ நிலத்துக்கோ எவ்வளவு கிடைக்கிறது என்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? செய்தியிலும் அறிக்கையிலும் இதையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சொல் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெப்பாசிட்டிக்கு லத்தீன் வேர், கொள்ளுதல் என்று பொருள். உற்பத்தி வடசொல், தோன்றுதல். திறன் நம்முடையது, "திறனறிந்து சொல்லுக சொல்லை" என்ற குறளில் அதற்குத் தன்மை என்று பொருள். இன்றைக்கு அதே திறன் இயற்பியலில் பவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஸ்கில், மின்நிலையத்தில் கெப்பாசிட்டி, நிர்வாகப் பாடத்தில் எஃபிஷியன்சி. ஒரே சொல்லின் தலையில் இத்தனையையும் ஏற்றியிருக்கிறோம்.

சரி, 'கொள்ளளவு' இருக்கிறதே என்பார்கள். வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிற சொல்தான், ஆனால் அது அணைக்கும் தொட்டிக்கும் உரியது. அவலாஞ்சி அணைக்குக் கொள்ளளவு உண்டு, தண்ணீர் உள்ளே நிற்கிறது. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிக்கும் கொள்ளளவு உண்டு. பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் வைத்திருப்பார்கள். அடுத்து நிற்கும் சிடிசி எந்திரத்தைப் பாருங்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன, இலை நடுவில் நுழைந்து நசுங்கிக் கிழிந்து சுருண்டு அடுத்த பக்கம் விழுகிறது. அதற்குள் எதுவும் நிற்பதில்லை, அதற்கு எப்படிக் கொள்ளளவு சொல்வது? மணிக்கு எத்தனை கிலோ அதனால் இயலும் என்பதுதான் கேள்வி. இலங்கைத் தமிழர்கள் இதற்கு எப்போதோ 'இயலளவு' என்று வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சொல் இல்லை.

அலகைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். வெறும் கிலோ என்றால் கொள்ளளவு, மணிக்கோ நாளுக்கோ இத்தனை கிலோ என்றால் இயலளவு, ஆளுக்கோ ஹெக்டேருக்கோ இத்தனை கிலோ என்றால் உற்பத்தித் திறன். ஒரு ஃபேக்டரிக்கு நாளுக்கு 20,000 கிலோ பச்சை இலை இயலளவு என்று வைத்துக்கொள்வோம். சுமார் நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள். ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகி 6,000 கிலோதான் வருகிறது என்றால், இயலளவு அப்படியேதான் இருக்கிறது, அதில் 30 சதவீதம்தான் பயன்படுகிறது. ஆள்களும் ட்ரையர் அடுப்பும் வழக்கம்போல இருந்தால் குறைவது உற்பத்தித் திறன். மே மாதம் நேர்மாறு, இலை குவியும்: சிடிசி இழுக்கத் தயாராக இருந்தாலும் வாட்டும் தொட்டி காலியாகாமல் இலை ஏற்றி வந்த வேன் வாசலில் நிற்கும். மொத்த ஃபேக்டரியின் இயலளவை அந்தத் தொட்டிதான் தீர்மானிக்கிறது. ஒரு கூட்டுறவு ஃபேக்டரி "உற்பத்தித் திறனைக் கூட்டப் போகிறோம்" என்று அறிவித்தால் புதுத் தொட்டி வரப்போகிறதா, ஆள் குறைக்கப் போகிறார்களா? அதில் உறுப்பினராக இருக்கும் விவசாயிக்குத் தெரிய வேண்டாமா?

தூய தமிழ் என்று 'ஆக்கத்திறன்' போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் திறன்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது! வடசொல்லை எடுத்துவிட்டுக் குழப்பத்தை விட்டுவைப்பதில் என்ன லாபம்? உற்பத்தி அப்படியே இருக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு நாள் ஷிஃப்டில் போய் நின்று, எந்த எந்திரம் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதினால் போதும். அகராதியைப் புரட்டி முதலில் கண்ணில் படுவதை வைக்கிறார்கள். எஃபிஷியன்சிக்குக்கூட 'வினைத்திறன்' என்று இலங்கையில் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், இங்கே அது அவ்வளவாகப் புழங்கவில்லை.

இயலளவு இலங்கைச் சொல், இங்கே எடுபடாது என்று ஒருவர் சொன்னார். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறித்தவர்களில் எத்தனை பேர் அவர்கள்! அவர்களை விடுங்கள், "இயன்ற அளவு செய்" என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?